கதவில் ஒட்டிய டேப்

அத்தியாயம் 11

போன வாரம் நாம் விட்டுவந்த இடத்திலேயே கார்மென் இன்னும் நிற்கிறாள்: தன் வீட்டுச் சமையலறையில், கையைக் கட்டிக்கொண்டு, மாவு டப்பாவை முறைத்தபடி. டப்பாவுக்குள் அவளுடைய போன் கிடந்தது. தம்பி டேரின் தான் எடுத்த படத்திலிருந்து அனுப்பிய முன்னோட்டத்தைப் பார்த்து முடித்ததும் அவளேதான் அதை உள்ளே போட்டு மூடினாள்.

இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. அதற்குள் தன்னைப் பெற்ற அப்பாவை அவன் ஆறு முறை கேவலப்படுத்தியிருந்தான். அவள் விரல்விட்டு எண்ணியிருந்தாள்.

படத்தின் பெயர் 'நாற்பத்தாறு தலைகள்'. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பஸ் ஏறிச் சிகாகோவுக்குச் சுற்றுலா போகிறார்கள். மூன்று நாள், ஒரு ஹோட்டல், காவலுக்கு ஒரு வாத்தியார். அந்த வாத்தியார்தான் கோமாளி. பஸ் கிளம்பும்போதெல்லாம் தலைகளை எண்ணுவார். எண்ணும்போதெல்லாம் தப்பாக எண்ணுவார். பாக்கெட்டிலிருந்து நூலும் தூசியும் ஒட்டிய பெப்பர்மின்ட்டை எடுத்து நீட்டுவார். பிள்ளைகள் படுக்கப் போனதும் ஒவ்வொரு அறையிலும் கதவையும் நிலையையும் சேர்த்து மாஸ்கிங் டேப் என்ற காகித டேப்பை ஒட்டுவார். யாராவது வெளியே நழுவினால் டேப் கிழியும், காலையில் பிடித்துவிடலாம் என்று. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கோந்து.

கோந்து யார் என்று சோளக்காடு சூழ்ந்த நியூ ஹார்லெமில் ஒருவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஊர்க் கிறிஸ்தவப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் மரவேலை சொல்லிக்கொடுத்த வெர்லின் ஃபீன்ஸ்ட்ரா. கார்மெனுக்கும் டேரினுக்கும் அப்பா. அந்தப் படத்தை இன்று மதியம் இரண்டு மணிக்கு ஊரிலிருக்கும் ஒரே தியேட்டரில் போடுகிறார்கள்.

"மாமா படத்தை முழுசாப் பாக்காமலே திட்டறியேம்மா," என்றாள் அனிகா, மேஜையில் உட்கார்ந்து சோளப் பொரியைக் கிண்டியபடி. பதினாறு வயது மகள். பத்து நாளில் அம்மாவிடம் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

"குப்பைத்தொட்டின்னு தெரிஞ்சுக்க மூடியைத் திறந்தாப் போதும். உள்ள கையை விட்டுத் துழாவணுமா?"

"டான்ஸுக்கும் இதேதான் சொன்ன."

கார்மென் மாவு டப்பாவின் மூடியை இன்னும் இறுக்கினாள். பள்ளிக் குழுவில் அவளும் ஓர் உறுப்பினர். வசந்த விருந்தில் பிள்ளைகள் ஆடலாமா என்று பத்து நாளுக்கு முன் ஓட்டெடுப்பு நடந்தது. மூன்றுக்கு மூன்று என்று இழுபறியானபோது ஏழாவது கை கார்மெனுடையது. அது எழவில்லை. 'இந்தப் பள்ளிக்கூடத்துல யாரும் ஆடினதும் இல்ல, ஆடாததால யாரும் கெட்டதும் இல்ல' என்று வேறு சொல்லி, அதைக் கூட்டக் குறிப்பில் எழுதவும் வைத்தாள். அன்றிலிருந்து அனிகா வாயைத் தைத்துக்கொண்டாள்.

"மாமா எங்க தங்கியிருக்காரு?"

"ஹைவே மோட்டல்ல."

"நம்ம மாடி ரூம்?"

"பெயின்ட் அடிக்கறோம்."

அனிகா அம்மாவைப் பார்த்தாள். அந்த அறைக்குப் பெயின்ட் அடித்து ஒன்பது வருடம் ஆகிறது. பெண் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். சொல்லாமல் போனதுதான் கார்மெனுக்குச் சுருக்கென்றது.

அவள் ஒரு திட்டம் வைத்திருந்தாள். படம் நாலு மணிக்கு என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, ஊர் சிரித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கும். கதை கேட்கிற நமக்கு இது பொய் என்று படும். கார்மெனுக்கு அது ஏற்பாடு.

---

ஒன்றேகாலுக்கு அப்பாவின் வீட்டுக் கதவைத் தட்டியபோது அவர் முழு உடுப்பில் வந்து திறந்தார். பழுப்புக் கோட். சர்ச்சில் இராப்போஜன ஆராதனைக்கும் சாவுக்கும் போடுகிற கோட்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

"படத்துக்குத்தான்."

"நாலு மணிக்குன்னு சொன்னேனே."

"நீ சொன்ன. டிக்கெட்ல ரெண்டுன்னு போட்டிருக்கு." கோட்டின் உள்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "டேரின் தபால்ல அனுப்பிச்சான். முதல் வரிசை. உனக்கும் ஒண்ணு இருக்கு."

கார்மென் வாசலிலேயே நின்றாள். திட்டம் இவ்வளவு சீக்கிரம் கவிழும் என்று அவள் நினைக்கவில்லை.

"அப்பா, அதுல உங்களைத்தான் கேலி பண்ணியிருக்கான். டேப்பு, மிட்டாய், எண்ணறது எல்லாத்தையும். ஊரே சிரிக்கப்போகுது."

"பாத்துட்டியா நீ?"

"கொஞ்சம்."

"என்னைக் கேலி பண்றது இவன் கண்டுபிடிச்சதா என்ன? முப்பத்தோரு வருஷம் வாரத்துக்கு அஞ்சு நாள் பண்ணாங்க. கையில ரம்பத்தை வச்சுக்கிட்டே பண்ணாங்க." அவர் சாவியைத் தேடினார். "அவன் ஆறு வருஷம் உழைச்சிருக்கான்மா. பெத்தவன் போய்ப் பாக்கலன்னா யாரு பாப்பா?"

"அவன் மூணு வருஷமா உங்களைப் பாக்க வரலையே."

"அதான் நான் போறேன்."

இந்த மனுஷனுக்குக் கோபம் என்ற சாமானையே கடவுள் கொடுத்தனுப்பவில்லை என்று கார்மென் பல முறை நினைத்ததுண்டு. அதனால் குடும்பத்தின் கோபம் முழுவதையும் அவள்தான் சுமக்க வேண்டியிருந்தது. சுமந்து சுமந்து அதில் அவளுக்கு ஒரு கெட்டிக்காரத்தனமும் வந்திருந்தது.

"வண்டியில ஏறுங்க," என்றாள்.

---

தியேட்டர் வாசலில் நிற்க இடமில்லை. அறுவடைக் காலம், ஊரில் பாதிப் பேர் சோளக்காட்டில் இருக்க வேண்டிய நேரம். கார்மெனின் கணவன் ராட் காட்டில்தான் இருந்தான். ஆனால் இவர்களெல்லாம் அறுவடை இயந்திரத்தை அப்படியே நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். சபையின் ஊழியக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் இடுப்பு வலி, முதுகு வலி என்பவர்கள் இன்றைக்கு முன்னூறு நாற்காலியையும் நிரப்பிவிட்டார்கள். ஒருவன் அவமானப்படுகிறான் என்றால் இந்த ஊருக்கு எந்த வலியும் கிடையாது.

"கார்மென்," என்று பக்கத்துத் தெரு கிளெண்டா முழங்கையைப் பிடித்தாள். "குடும்பத்தோட வந்துட்டோம். உங்கப்பாவைத் திரையில பாக்கப்போறோமாமே."

"எங்கப்பாவைப் பாக்கணும்னா திரைக்கு என்ன அவசியம் கிளெண்டா. ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்காரு. அவருக்கு ஆபரேஷன் ஆனப்ப நீ வந்து பாத்திருக்கலாமே."

கிளெண்டா கையை எடுத்துக்கொண்டாள்.

உள்ளே, மேடை ஓரத்தில் டேரின் நின்றிருந்தான். நாற்பத்து நாலு வயது. கறுப்புக் கோட்டு, மூன்று நாள் தாடி, அக்டோபர் குளிரில் சாக்ஸ் இல்லாத காலில் ஷூ. அவன் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். கட்டிக்கொள்ள ஒரு அடி எடுத்தவன் பாதியில் நின்றுவிட்டான்.

"வந்துட்டீங்களாப்பா."

"வராம?"

அவன் அக்காவிடம் திரும்பினான். "எப்படி இருக்கக்கா?"

"இருக்கேன். நீ இருக்கற ஊர்ல சாக்ஸ் விக்கறதில்லையா?"

"பெயின்ட் காஞ்சிடுச்சா?"

"இல்ல."

"என்ன கலரு?"

"வெள்ளை."

"நல்லது. ஒன்பது வருஷமா அதே கலர்தான்."

"அப்பாவை விக்கற அளவுக்கு உனக்கு என்னடா பஞ்சம்?" என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "வேற கதையே கிடைக்கலையா?"

"பாத்துட்டுச் சொல்லு."

"பாக்கறதுக்கு முன்னாடியே சொல்றேன். நீ இந்த ஊரைவிட்டுப் போகல. எங்க எல்லாரையும் கீழ வச்சுப் பாக்கறதுக்கு ஓர் உயரம் தேடிப் போன."

டேரின் முகம் சிவந்தது. எதையோ சொல்ல வாய் திறந்தான். விளக்குகள் மங்கின.

---

விளக்கு அணைந்ததும் வெர்லின் கோட்டுப் பையில் கையை விட்டார்.

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்தைத் தொடங்கிய கையோடு ஒவ்வொரு பெஞ்சிலும் பெப்பர்மின்ட் கைமாறும். யார் ஆரம்பித்த வழக்கமோ. பிரசங்கம் நீளம், மிட்டாய் கரையும் வரையாவது பிள்ளைகள் அடங்கியிருப்பார்கள். வெர்லினுக்கு வரிசையாக நாற்காலி, எதிரே வெளிச்சம், பேசாமல் ஒரு கூட்டம் என்றாலே கை தானாகப் பைக்குள் போய்விடும். மிட்டாய்ச் சுருளைப் பிரித்துத் தனக்கொன்று எடுத்துக்கொண்டு கார்மெனிடம் நீட்டினார்.

"அப்பா, வேண்டாம்," என்று அவள் பல்லைக் கடித்தாள். "இங்க வேண்டாம்."

"நீ எடுத்துக்கலன்னா தள்ளிவிடு. கிளெண்டா கேக்கறா பாரு."

பக்கத்து நாற்காலியில் இருந்த கிளெண்டா கேட்கவில்லை, ஆனால் பழக்கத்தில் கையை நீட்டியிருந்தாள். சுருள் வரிசை முழுக்கப் போனது. பின் வரிசைக்குத் தாவியது. அவர் இரண்டாவது சுருளைப் பிரித்தார். நாலு வரிசைக்காவது போயிருக்கும். இருட்டில் காகிதம் சலசலத்தது, பற்கள் மிட்டாயில் மோதின.

படம் தொடங்கியது.

ஊர் சிரித்தது. கோந்து பஸ் படியில் நின்று நாற்பத்தேழு என்று எண்ணி, தன் தொப்பியையும் ஒரு தலையாகச் சேர்த்துக்கொண்டதைக் கண்டுபிடித்தபோது விழுந்து விழுந்து சிரித்தது. கார்மென் திரையைப் பார்க்காமல் சிரிக்கிறவர்களைத் திரும்பிப் பார்த்தாள். இன்னார், இன்னார் என்று மனதில் பட்டியல் போட்டாள். அந்தப் பட்டியலில் இருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் அப்பா செய்துகொடுத்த ஒரு நாற்காலியோ தொட்டிலோ இருந்தது.

பிறகு கோந்து பெப்பர்மின்ட்டை எடுத்தார். பஸ்ஸின் நடுவே தள்ளாடிக்கொண்டு, அழுகிற ஒரு பையனிடம் நீட்டினார். பையன் வாங்கி, அவர் திரும்பியதும் முதுகில் எறிந்தான்.

பின்வரிசைகள் சிரித்தன. முன்னால் நாலு வரிசை சிரிக்கத் தொடங்கி, நின்றது.

அவர்கள் வாயில் அது இருந்தது. இன்னும் கரையாமல், இனிப்பாக, குளிர்ச்சியாக. கிளெண்டா வாயை மூடிக்கொண்டாள். அதை என்ன செய்வது என்று தெரியாதவள் போலக் கன்னத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளினாள். அவளுக்குப் பின்னால் யாரோ மெதுவாகத் தொண்டையைச் செருமினார்கள். அந்த நாலு வரிசையின் மௌனம் மெல்லப் பின்னால் பரவியது. எதற்கென்று தெரியாமலே பின்னால் இருந்தவர்களும் அடங்கினார்கள்.

வெர்லின் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். "நல்லா எறியறான் பையன்," என்றார் மகளிடம்.

கார்மெனுக்கு அந்த நிமிடத்தில் ஊரைத் தோற்கடித்த சந்தோஷம். அது ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை.

திரையில் இரவு. ஹோட்டலின் இரண்டாவது மாடி, நீளமான தாழ்வாரம். கோந்து கதவு கதவாக டேப் ஒட்டிவிட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்து தூங்குகிறார். ஒரு கதவு அசைகிறது. டேப் கிழிகிறது. ஒரு பெண் வெளியே வருகிறாள். கையில் செருப்பு, வெறுங்கால். தூங்குகிறவரின் நீட்டிய காலைத் தாண்டிப் போகிறாள். கீழே யாரோ முன்பின் தெரியாதவர்களின் கல்யாண விருந்து நடக்கிறது. அவள் உள்ளே நழுவி, அந்நியர்கள் நடுவே, தலைமுடி அவிழ, ஆடுகிறாள்.

கதவில் எண் 214.

கார்மெனின் கை நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியது.

இருபத்தேழு வருடத்துக்கு முன் அவள் தங்கிய அறை. பன்னிரண்டாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் சேர்ந்து போன சுற்றுலா. அவளுக்குப் பதினெட்டு, டேரினுக்குப் பதினேழு. காவலுக்கு அப்பா. டேப்பைக் கிழித்தவர்களை முதல் பஸ்ஸில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பட்டமளிப்பு மேடையில் ஏறவும் விடமாட்டார்கள் என்று தலைமையாசிரியர் வேதத்தின் மேல் கைவைக்காத குறையாகச் சொல்லியிருந்தார். அவள் கிழித்தாள். ஒரு மணி நேரம் ஆடினாள். ராட்டுக்குக்கூட அவள் சொன்னதில்லை. திரும்பி வந்து கட்டிலில் விறைத்துக் கிடந்தாள், விடிந்தால் மானம் போகும் என்று. விடிந்தது. கதவைத் திறந்து பார்த்தால் டேப் ஒட்டியபடி இருந்தது. கிழியாமல், அப்பாவின் முதலெழுத்தோடு, 10:30 என்ற நேரத்தோடு.

டேப் கிழியவே இல்லை, கழன்று தானாக ஒட்டிக்கொண்டது என்று நினைத்தாள். அப்பாவுக்குக் கண் மங்கல், சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தாள். பாவம், இந்த மனுஷனை யாரும் ஏமாற்றலாம் என்று நினைத்தாள். அன்றைக்கும் நினைத்தாள், அதற்குப் பிறகும் எத்தனையோ முறை.

திரையில் அந்தப் பெண் திரும்பி வருகிறாள். கோந்து இன்னும் குறட்டை விடுகிறார். யாரும் சிரிக்கவில்லை.

---

படம் முடிந்ததும் டேரின் ஒரு மைக்கோடு மேடையேறினான். கைதட்டல் இருந்தது, மரியாதைக்கான கைதட்டல். யாரோ கேமரா பற்றிக் கேட்டார்கள். யாரோ சிகாகோவில்தான் எடுத்தீர்களா என்றார்கள். பிறகு முதல் வரிசையில் வெர்லினின் கை உயர்ந்தது.

கார்மென் கண்ணை மூடிக்கொண்டாள்.

"டேப்பு," என்றார் அவர் எழுந்து நின்று. "நீ மேல ஒட்ட வச்சிருக்க, கண்ணுக்கு நேரா. நாங்க முழங்காலுக்குக் கீழ ஒட்டுவோம். மேல ஒட்டினாப் பெயின்ட் உரிஞ்சது தெரியும், ஹோட்டல்காரன் திட்டுவான். அப்புறம் முதலெழுத்தும் நேரமும் எழுதணும். இல்லன்னா பசங்களே ஒரு சுருள் வாங்கிட்டு வந்து புதுசா ஒட்டிடுவாங்க. உன் படத்துல வெறும் டேப்பா இருக்கு. மத்தபடி நல்லா இருந்துச்சு."

கூட்டத்தில் ஒரு இளகின சிரிப்பு. இந்த முறை அதில் முள் இல்லை.

டேரின் சிரிக்கவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அப்பா, நானும் ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அந்த வருஷம் சிகாகோவுல... ராத்திரி யாராவது டேப்பைக் கிழிச்சாங்களா?"

முன்னூறு பேர் காத்திருந்தார்கள். அப்பா ஆம் என்று சொன்னால் போதும். அடுத்த கேள்வி 'யார்' என்று கிளெண்டாவிடமிருந்து வரும். மூன்று வரிசை தள்ளி அனிகா வந்து உட்கார்ந்திருப்பதைக் கார்மென் அப்போதுதான் கண்டாள்.

வெர்லின் மகனை நேராகப் பார்த்தார்.

"இல்ல," என்றார். "காலையில ஆறு மணிக்கு நான் பாத்தேன். பன்னெண்டு கதவு. பன்னெண்டு டேப்பும் முழுசா இருந்துச்சு."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மேடையில் டேரினின் முகம் வெளுத்தது. கார்மென் அதைப் பார்த்தாள். இருபத்தேழு வருடத்துக்கு முன் ஒரு காலையில் கண்ணாடியில் பார்த்த அதே முகம். இவனும் கிழித்திருக்கிறான். இவனும் கீழே வந்திருக்கிறான். இல்லாவிட்டால் அந்தக் கல்யாண விருந்து எப்படித் தெரியும், வெறுங்கால் எப்படித் தெரியும். இவனும் காலையில் ஒட்டிய டேப்பைப் பார்த்து, அப்பாவை ஒரு முட்டாள் என்று முடிவுகட்டியிருக்கிறான். அதை அவன் படமாக எடுத்தான். அவள் எடுக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

"நன்றி," என்றான் டேரின், யாரிடம் என்று சொல்லாமல். மைக்கைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டான்.

---

அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல் அவள் ஊருக்கு வெளியே ஓட்டினாள். இரண்டு பக்கமும் அறுத்த சோளக்காடு.

"முப்பது வருஷம் சபையில மூப்பரா இருந்தீங்க," என்றாள் கார்மென் கடைசியில். "இன்னிக்கு ஊர் முன்னால பொய் சொன்னீங்க."

"எங்க சொன்னேன்? ஆறு மணிக்குப் பன்னெண்டும் முழுசாத்தான் இருந்துச்சு."

"அஞ்சு மணிக்கு?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அஞ்சு மணியைப் பத்தி யாரும் கேக்கலையேம்மா."

அவள் வண்டியைச் சாலையோரம் நிறுத்தினாள். கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. "எல்லாம் தெரியுமா உங்களுக்கு? எப்பவுமே தெரியுமா?"

வெர்லின் பையைத் துழாவினார். சுருளில் ஒரே ஒரு பெப்பர்மின்ட் மிஞ்சியிருந்தது. நீட்டினார். இந்த முறை அவள் வாங்கிக்கொண்டாள்.

"கீழ ஹால்ல," என்றார் அவர், "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு."

அப்படியென்றால் கதவருகே நின்றிருக்கிறார். அந்நியர்கள் கூட்டத்தில் அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று அந்த ஒரு மணி நேரமும் நின்றுவிட்டு, அவள் திரும்புவதற்கு முன்னால் மாடியேறி, நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். விடிவதற்குள் புது டேப்பை ஒட்டி, பழைய நேரத்தையே எழுதியிருக்கிறார். தூங்குகிறவரைத் தாண்டிப் போவது பிள்ளைகளுக்குச் சுலபம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கார்மென் அழுதாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அதையும் அவர் நன்றாகச் செய்வார்.

---

மாலை ஐந்தேகாலுக்கு அவள் ஹைவே மோட்டலுக்குப் போனாள். ஒன்பதாம் எண் அறை. வாடகைக் கார் வாசலில் நின்றது. தட்டினாள். பதிலில்லை. திரை விலகிய ஜன்னலில் எட்டிப் பார்த்தாள், உள்ளே ஆளில்லை. திரும்பத் தட்டினாள். போன் அடித்துப் பார்த்தாள், எடுக்கவில்லை.

ராட்டின் கருவிப் பெட்டி வண்டியின் பின்பக்கம் இருந்தது. அதில் மாஸ்கிங் டேப் ஒரு சுருள். ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்து, பேனாவால் எழுதினாள்: 'ஞாயிறு, பன்னிரண்டரை, சாப்பாடு நம் வீட்டில். மாடி அறை காய்ந்துவிட்டது.' கீழே முதலெழுத்தும் நேரமும். பிறகு குனிந்து, முழங்காலுக்குக் கீழே, கதவையும் நிலையையும் சேர்த்து ஒட்டினாள். உள்ளே போகக் கதவைத் திறந்தால் கிழியும். கிழிந்தால் பார்த்துவிட்டான் என்று அர்த்தம்.

வீட்டுக்குப் போய் இறைச்சியை மசாலா தடவி வைத்தாள். அனிகா சமையலறைக்கு வந்து, கேட்காமலே உருளைக்கிழங்கை உரிக்க உட்கார்ந்தாள்.

"தாத்தா மிட்டாய் கொடுக்க ஆரம்பிச்சப்ப நீ ஏன்மா வாங்கிக்கல?"

"எனக்குப் புத்தி இல்ல," என்றாள் கார்மென். மகள் நிமிர்ந்து பார்த்தாள். வேறொன்றும் சொல்லக் கார்மெனுக்கு இன்று தைரியம் வரவில்லை. நாலு தட்டை எடுத்து வைக்க வேண்டிய இடத்தில் ஐந்து தட்டு எடுத்து வைத்தாள்.

மறுநாள் ஞாயிறு காலையில் ஆராதனைக்குப் போகும் வழியில் அவள் மட்டும் மோட்டல் பக்கம் வண்டியைத் திருப்பினாள். கார் நின்ற இடத்திலேயே நின்றது, கண்ணாடி முழுக்க உறைபனியோடு. ஒன்பதாம் எண் கதவுக்கு முன் குனிந்தாள்.

அவள் ஒட்டிய டேப் ஒட்டியபடி இருந்தது.

அதற்குக் கீழே இன்னொன்று. அதுவும் கிழியவில்லை. ஓரங்கள் கத்தரியால் நறுக்கியது போல நேர்க்கோடு, மரவேலைக்காரர் கை. அதில் செய்தி எதுவும் இல்லை. முதலெழுத்தும், நேரமும் மட்டும். 9:30.

நேற்று இரவு அப்பா வந்திருக்கிறார். தன் பையன் அறைக்குத் திரும்பிவிட்டானா என்று பார்க்க.

அவன் திரும்பவில்லை.